பதினேழாம் எண்ணின் மறதி

விடுதியின் மூன்றாம் மாடியில் இருபத்திரண்டு அறைகள். தொற்றுநோய் வந்த அந்த வருஷம் அவற்றில் ஒன்றில் மட்டும்தான் ஆள் இருந்தது. உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி. மற்ற பெண்கள் அறிவிப்பு வந்த இரண்டே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இவளுக்குப் போக வீடு இல்லாமல் இல்லை. வீட்டில் அம்மா மட்டும்தான். மருத்துவமனையில் நர்ஸ், அப்போது தொற்று வார்டில் வேலை. "நீ வந்தா உன்னைப் பார்த்து நான் பயப்படணும், என்னைப் பார்த்து நீ பயப்படணும். அங்கேயே இரு குட்டி" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

நல்லவேளையாக வேலை இருந்தது. மன அழுத்தம் மாணவர்களின் ஞாபகத்தையும் யோசனையையும் என்ன செய்கிறது என்று அவளுடைய பேராசிரியை ஓர் ஆய்வு தொடங்கியிருந்தார். நாற்பது மாணவர்கள், பத்து வாரம், ஆளுக்கு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. அழைப்புகள் பதிவாகும். பெயர் கேட்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்தான். பதினைந்து சொற்களை நொடிக்கு ஒன்றாக இவள் வாசிப்பாள். குடை, பாலம், சீப்பு, தபால் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள். முடித்ததும் அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏதாவது விட்டுப்போனால் மறுபடி முழுப் பட்டியலையும் வாசிக்க வேண்டும். அதிகம் போனால் ஐந்து முறை. பிறகு தூக்கம், படிப்பு பற்றி இரண்டு கேள்வி. நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது. அதில் பேராசிரியை படு கண்டிப்பு.

வாரம் போகப் போக நாற்பது பேரும் தேய்ந்துகொண்டே வந்தார்கள். முதல் வாரம் பதினான்கு சொல் சொன்ன சட்டக் கல்லூரிப் பெண் ஐந்தாவது வாரம் எட்டோடு நின்றுவிட்டு, "நேத்து ஒருத்தங்க என் சொந்த நம்பரைக் கேட்டாங்க. ஞாபகத்துக்கு வரவே இல்லை" என்று அழுதாள். வேதியியல் படிக்கிறவன் ஒருவன், "கண்ணு அது பாட்டுக்கு ஓடுது, மண்டைக்குள்ள ஒண்ணும் இறங்க மாட்டேங்குது. ஒரே பக்கத்தை எட்டு தடவை படிச்சாச்சு" என்றான். இவள் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, நன்றி சொல்லி வைத்தாள்.

வைத்தபின் அறை கம்மென்று ஆகிவிடும். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காவலாளி கீழே மேசையில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அம்மா வேலை முடிந்து வந்தால் பேசுவதற்குள் தூங்கிப்போவாள். ஒருநாள் வாளியோடு நடைவழிக்கு வந்த இவள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நின்றாள். இன்னொரு நாள் தேயிலை போடாமலே வெந்நீரை வடிகட்டி, ஒரு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. சிரித்துக்கொள்ள வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை.

பதினேழாம் எண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. அறையில் கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட, வாடகை மாடி அறையில் தனியாக இருந்தான். முதல் வாரம் முதல் சுற்றிலேயே பதினான்கு, இரண்டாவது சுற்றில் பதினைந்தும். ஏழே நிமிஷத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கினான். ஆறாவது வாரம் ஐந்து முறை வாசித்தும் ஒன்பதைத் தாண்டவில்லை. அழைப்பு இருபத்தைந்து நிமிஷம் இழுத்தது.

"என்ன பண்றது மேடம், மூளையை யாரோ இரவல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. எப்ப திருப்பித் தருவாங்கன்னு தெரியலை."

அந்த வாரத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். செவ்வாய்க்கிழமைகளில் பத்தே முக்காலுக்கு அவள் தலை சீவிக்கொள்வாள். அழைப்பில் முகம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

ஏழாவது வாரம் ஐந்து சுற்றும் முடிந்தது. எட்டு சொற்கள். அவள் கேள்விகளுக்குப் போகுமுன் அவன் பேச்சுவாக்கில், "இந்த வாரப் பட்டியல் சுமார்தான் மேடம். போன வாரம் ஏணி, நங்கூரம், திரைச்சீலை எல்லாம் இருந்துச்சு, நல்லா இருந்துச்சு" என்றான்.

அவள் போன வாரத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஏணி, நங்கூரம், திரைச்சீலை மூன்றுக்கும் ஐந்து சுற்றிலும் கட்டம் காலி.

"போன வாரம் இந்த மூணையும் நீங்க ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

மறுமுனையில் அவன் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையும் சொல்லிட்டா நீங்க வெச்சிடுவீங்க இல்ல" என்றான். "மறந்தா அஞ்சு தடவை வாசிப்பீங்க. வாரத்துல என்கிட்ட யாராவது பேசுறது இது ஒண்ணுதான்."

அவள் தாளைக் கவிழ்த்து வைப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். முதல்ல நடிப்புதான். இப்ப அப்படி இல்லை. இன்னிக்கு நாலு சொல்லை வேணும்னே விட்டேன். மிச்சம் மூணு நிஜமாவே போயிடுச்சு. ஒரு வாரமா கட்டட உத்தரம் எவ்வளவு பாரம் தாங்கும்னு ஒரு கணக்குப் போடறேன், பாதியில எங்க நிக்கிறேன்னே தெரியலை. நடிச்சு நடிச்சு இப்படி ஆயிட்டேனா, இல்ல ஏற்கனவே இப்படித்தான் இருந்தேனா?"

"தெரியலை" என்றாள் அவள். அது உண்மையான பதில். நன்றி சொல்லாமலே அழைப்பு முடிந்தது.

அன்று மத்தியானம் பதிவு செய்த அழைப்புகளை உட்கார்ந்து கேட்டாள். அவன் மேல் கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். கேட்கக் கேட்க வேறு விஷயம் புலப்பட்டது. மற்றவர்களுக்கு நொடிக்கு ஒரு சொல், கடிகாரம் மாதிரி. பதினேழுக்கு மட்டும் அவளுடைய குரல் நடை பழகுவது போல மெல்லப் போயிற்று. குடை. பாலம். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று நொடிகூட ஆகியிருந்தது. கேட்கக் கூடாத கேள்விகள் வேறு: அறையில் வெளிச்சம் வருமா, காலையில் என்ன சாப்பிட்டீங்க. அவன் இழுத்தது பாதிதான். மீதியை இவள் இழுத்திருந்தாள்.

மறைக்க வழி இருந்தது. பதினேழின் ஒலிப்பதிவுகளை அழித்தால் யாருக்கும் தெரியாது. அரைமணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பேராசிரியையை அழைத்தாள். சொன்னாள், எதையும் விடாமல்.

பேராசிரியை திட்டுவார் என்று பார்த்தால், திட்டவில்லை. "பதினேழை ஆய்வுலேர்ந்து எடுத்துடுவோம். நம்ம மனநல ஆலோசகர்கிட்ட சொல்லி இன்னிக்கே அவரைக் கூப்பிடச் சொல்றேன். ஆய்வு முடியுறவரைக்கும் நீ அவர்கிட்ட பேசக் கூடாது, புரியுதா? உன்னோட மத்த அழைப்புகளையும் நான் கேட்டாகணும்."

"சரி மேடம்."

"நீ சாப்பிட்டியாம்மா?"

அவள் மேசையைப் பார்த்தாள். பொட்டலம் பிரித்துக் கிடந்தது. காலி. சாப்பிட்டது சுத்தமாக ஞாபகம் இல்லை.

"தெரியலை மேடம்" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவளுடைய அழைப்புகளை இரண்டு வாரம் வேறொரு மாணவி ஏற்றுக்கொண்டாள். பேராசிரியை தினமும் நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டார். பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. அடுத்த செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பானா? ஆலோசகர் கூப்பிட்டிருப்பார், கூப்பிட்டிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. பதினொன்றே கால் ஆனதும் எழுந்து குளிக்கப் போனாள்.

ஆய்வு முடிந்தது. அறிக்கையில் முப்பத்தொன்பது பேர். நாற்பதாவது ஆளைப் பற்றி அடிக்குறிப்பில் ஒரு வரி: நடைமுறைப் பிழை காரணமாக ஒருவர் நீக்கப்பட்டார். யாருடைய பிழை என்று இல்லை.

பேராசிரியையின் அனுமதி கிடைத்த அன்று மாலையே அவள் அவனை அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தான். ஆலோசகர் வாராவாரம் பேசியதாகவும், பிறகு அண்ணன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனதாகவும் சொன்னான். படிப்பில் ஒரு பருவம் போய்விட்டது. இப்போது நாளைக்கு இரண்டு பக்கம் படிக்க முடிகிறதாம்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

பின்னால் யாரோ அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பாத்திரச் சத்தம் கேட்டது. பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"வெச்சிடட்டா மேடம்?"

"சரி, போய்ச் சாப்பிடுங்க."

நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. மாடியில் இன்னும் யாரும் திரும்பி வந்திருக்கவில்லை. சன்னலைச் சாத்திவிட்டு, கீழே பொட்டலம் வந்துவிட்டதா என்று பார்க்கப் படியிறங்கினாள்.