ஜாகா நிமிர்த்திய மரம்

எங்கள் எஸ்டேட் ஜாகாவுக்கு எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். காவல் காக்கிறவரே ஒரு கண்ணை மூடினால் எனக்குச் சந்தேகம் வராதா?

அன்று மாலை கேரல் பாடச் சர்ச் ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. லோபாக் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரமோ மூன்றாவது முறையாகச் சாய்ந்து, உச்சியிலிருந்த நட்சத்திரத்தை என் தலையில் போட்டது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் கத்தியதைக் கேட்டு ஜாகா வாசலில் வந்து நின்றார். ஒல்லி உடம்பு, தொளதொளத்த சீருடை. ஒற்றைக் கண்ணால் மரத்தைப் பார்த்தார். பிறகு வீடு முழுவதையும் பார்த்தார்.

“சர்ச்சுக்கு எத்தன மணிக்குக் கெளம்புவீங்க, சார்?”

“வீட்ல எப்பவும் ஆள் இருக்கும்,” என்றேன் விறைப்பாக.

“அப்ப நல்லதுலா. வெளக்கப் போட்டுட்டுப் பூட்டிட்டுப் போயிடாதீங்க. வயரெல்லாம் பழசு.”

வாசலில் கிடந்த என் தேய்ந்த சிலிப்பரை எடுத்துவந்து மரத்தின் ஒரு காலுக்கடியில் செருகினார். மரம் நிமிர்ந்து நின்றது.

“மரத்து மேல தப்பில்ல சார். வீடு கழுவுனா தண்ணி வாசலுக்கு ஓடணும்னு தரையத்தான் சாய்ச்சுக் கட்டியிருக்காங்க.”

அவர் போனதும் யோசித்தேன். பதினாறு வருடமாக நான் நடக்கும் தரை சாய்ந்திருப்பது எனக்கே தெரியாது; இவருக்கு எப்படித் தெரிந்தது? அவசரமாக நகை இருக்கும் அலமாரியைத் திறந்து துழாவினேன். எல்லாம் இருந்தது.

“அந்த மனுசனுக்கு ஒரு கோப்பியாவது குடுத்தீங்களா?” என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

என் கை இன்னும் அலமாரிக்குள்தான் இருந்தது.