நீல வெளிச்சத்தில் தெரியாத சிவப்பு

அன்று காலையில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்ததா, எரியவில்லையா? நாலைந்து மாதமாக இதை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை எதைப் பதிலாகச் சொல்வது என்று தெரியவில்லை.

போன தை மாதம் நடந்தது இது. எங்களுக்கு ஊர் ஆரணி. பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே பட்டுத்தறி உள்ள வீடுகள்தான். என் மாமனார் மட்டும் தறியில் உட்காராமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். செய்யார் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸை இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஓட்டியிருக்கிறார். பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். மாமியார் தவறிவிட்டதால் வீட்டில் அவர், என் கணவர், நான், இரண்டரை வயது மகள் என நான்கு பேர்தான். கணவருக்கும் ஷிஃப்டு வேலை. குழந்தைக்கு ஊசி போடுவதிலிருந்து என்னை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதுவரை எல்லாவற்றுக்கும் மாமனாரும் அந்தக் காரும்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவியைப் போட்டுப் பாதி திருப்பி நிறுத்துவார். மீட்டரில் பிரேக், ஆயில், பேட்டரி, இன்ஜின் சூடு என்று நான்கு சிவப்பு விளக்குகள் வரிசையாக எரியும். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கமாம். என் மகளும் அவர் மடியில் நின்றுகொண்டு, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று கூடவே எண்ணுவாள். நாலு வரை எண்ண அவள் கற்றுக்கொண்டது அந்த விளக்குகளில்தான்.

மகளுக்கு முதல் மொட்டை படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் போடுவதாக வேண்டுதல். தேதி குறித்தாகிவிட்டது. அதிகாலை ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சாயங்காலங்களில் மாமனார் ஸ்டீயரிங் மேல் குனிந்து மீட்டரைப் பார்ப்பதைக் கவனித்திருந்தேன். மீட்டருக்கு வெளிச்சம் கொடுக்கும் உள் பல்புகள் மங்கி, அவற்றில் இரண்டு எரியவே இல்லை. இருட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு போகப் போகிறோமே என்று கணவரிடம் சொன்னேன். பிறகு பார்க்கலாம் என்றார். சரி, நாமே செய்துவிடலாம் என்று, மாமனார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், கணவரை விட்டுக் காரை, வண்டி அலங்காரச் சாமான் மாட்டும் ஒரு டெகர்ஸ் கடையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மதியம் நான் போனேன். டேஷ்போர்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடலாம், எந்தக் கலர் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார்.

கலர் என்றதும் நான் தறி வீட்டுப் பெண்ணாகிவிட்டேன். எங்கள் பக்கத்தில் சாயம் போட்ட நூலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து யாரும் எடுக்க மாட்டார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்த்தால்தான் மனசு ஒப்பும். நானும் அந்தக் குட்டி பல்பை ஒயரோடு வாசல்வரை இழுக்கச் சொல்லி வெயிலில் எரியவிட்டுப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார்.

“இன்னாக்கா, பொடவையா எடுக்கிறீங்க? லைட்டுக்கா இது, இருட்டுலதான் பாக்கணும்.”

கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மயில்கழுத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு நீலம் பிடித்திருந்தது. அதையே போடச் சொன்னேன். மீட்டரைக் கழற்றியவர் இன்னொன்றும் கேட்டார். அந்தச் சிவப்பு விளக்குகளுக்கு மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறது, அதற்கு மட்டும் பழைய பல்பே இருக்கட்டுமா என்று. ஒரே பாவில் பழைய நூலும் புது நூலும் கலந்தால் புடவையில் கோடு விழுந்துவிடும் என்பது என் வீட்டில் சின்ன வயதிலிருந்து கேட்ட பாடம். பாதி பழசு, பாதி புதுசு வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றேன். அவரும் மறுபேச்சு பேசவில்லை. இத்தனைக்கும் நான் கல்லூரியில் படித்தது இயற்பியல்.

சாயங்காலம் வந்த மாமனாரைக் காருக்குள் உட்காரவைத்து ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். மீட்டர் முழுக்க நீலம். நன்றாக இருக்கிறது என்றார். குழந்தையும் கைதட்டினாள். பிறகு வழக்கம்போல வண்டியை அணைத்துச் சாவியைப் பாதி திருப்பினார். விரலை நீட்டியவர் அப்படியே நிறுத்தினார்.

“ஏம்மா, செவப்பு லைட்டு ஒண்ணையும் காணோமே?”

நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “இது புது மாதிரி மாமா. ஏதாவது கோளாறு இருந்தாத்தான் எரியும்” என்றேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். செய்த வேலையில் குறை சொல்கிறாரே என்ற சின்ன வருத்தத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

“நீ படிச்ச பொண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று விரலை மடக்கிக்கொண்டார். குழந்தை மட்டும், தாத்தா எண்ணு, தாத்தா எண்ணு என்று கொஞ்ச நேரம் அழுதாள்.

ஒரு வாரம் கழித்து படவேட்டுக்குக் கிளம்பினோம். பனி அதிகம், நல்ல இருட்டு. மாமனார் நிதானமாகத்தான் ஓட்டினார். கணவர் முன்னால் தூங்கிவழிந்தார். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் இருந்தேன். இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஏதோ கருகுகிற மாதிரி வாடை வந்தது. மாமனார், “என்னமோ தீயுதுடா” என்று சொல்லி ஓரங்கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து புகையாக ஆவி கிளம்பிவிட்டது. குழந்தையை வாரிக்கொண்டு நான் வயலுக்குள்ளேயே ஓடிவிட்டேன். 

ரேடியேட்டருக்குப் போகிற ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் முழுக்க வழியிலேயே போயிருக்கிறது. தண்ணீர் இல்லாமலேயே வெகுதூரம் ஓடியிருக்கிறது வண்டி. இந்தக் காரில் இன்ஜின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான்.

கணவர் பயத்தில் கத்திவிட்டார். “லைட்டு எரிஞ்சிருக்குமே நைனா. பாக்காமயே ஓட்டிகினு வந்தியா?”

“எரியலடா. ஒண்ணுமே எரியல.”

“எரிஞ்சிருக்கும். உனக்குத் தெரியல. கொழந்தைய வெச்சிகினு இப்படியா?”

மாமனார் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் குழந்தையின் ஸ்வெட்டரைச் சரிசெய்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு அந்த பல்பு நினைவுக்கே வரவில்லை. கணவர் சொன்னதுதான் சரி, மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்றே நானும் நினைத்தேன்.

அந்தப் பக்கம் பஸ் குறைவு. வாழைத்தார் ஏற்ற வந்த ஒரு வேன்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். மூன்று பேருக்குத்தான் இடம். வண்டியை அநாதையாக விட முடியாது என்று மாமனார் அங்கேயே நின்றுவிட்டார். கோயிலில் என் அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து என் மகள் மொட்டை போட்டுக்கொண்டபோது, அதைப் பார்ப்பதற்காக ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்த தாத்தா, ரோட்டோரத்தில் பானெட்டைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக், சூடேறிய பிறகும் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு யார் என்ன சொல்ல முடியும்? சொந்தக்காரர்கள் வந்து வந்து விசாரித்தார்கள். வயசாகிவிட்டது, இனி எதற்கு அவருக்கு வண்டி என்றார்கள். கணவர் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். லேசாகப் புரை ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், இருட்டில் ஓட்டும்போது மட்டும் கவனம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது புரை என்ற ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. கார் பட்டறையிலிருந்து திரும்பி வந்ததும் கணவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். “இனிமே நீ ஓட்ட வேணாம் நைனா” என்றார். மாமனார் சரி என்றார். அவ்வளவுதான். ‘நான் கேட்டேன், மருமகள்தான் அப்படிச் சொன்னாள்’ என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள், கணவர் வீட்டில் தூங்கும்போது, காரில் உட்கார வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். பொழுது சாய்கிற நேரம். சாவியை எடுத்துப் போய் அவளை மடியில் வைத்துக்கொண்டு விளக்குகளைப் போட்டேன். என் அம்மா வீட்டில் தைத்துக் கொடுத்த அரக்குச் சிவப்புப் பட்டுப் பாவாடை அவள் உடுத்தியிருந்தாள். அந்த நீல வெளிச்சத்தில் பாவாடை கறுப்பாகத் தெரிந்தது. எங்கேயோ கிரீஸ் பூசிக்கொண்டாள் என்று நினைத்துத் தெருவிளக்கின் கீழ் கொண்டுபோய்ப் பார்த்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. மறுபடி காருக்குள் வந்தேன். கறுப்பு.

 சாவியைப் பாதி திருப்பிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். அந்த நான்கு இடமும் இருட்டாக இருந்தது. சாவியை ஒரே திருப்பில் திருப்பிக் கிளப்பிவிடும் கணவர் இதைக் கவனித்ததே இல்லை. கையைக் குவித்துக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தபோது, ஊசிமுனை அளவுக்கு ஏதோ மினுங்குகிற மாதிரி இருந்தது. அதுவும் நிச்சயமில்லை. நீல வெளிச்சம் சிவப்புத் தாளைத் தாண்டி வராது என்பது நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். அன்று அந்த விளக்கு உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் எந்தக் கண்ணாலும் அதைப் பார்த்திருக்க முடியாது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் காரில்தானே குழந்தையை ஏற்றிப் போகிறோம், ஒருநாளும் அப்படியே விடக்கூடாது என்ற பதற்றத்தில், அடுத்த நாள் மகளுக்கு மருந்து வாங்குவதாகச் சொல்லி, ஸ்கூட்டரில் கடைக்குப் போய், கடைக்காரரையே வீட்டுக்குக் கூப்பிட்டு வந்து, அந்த நான்கு பல்புகளை மட்டும் பழையபடி மாற்றிவிட்டேன். கணவர் வேலைக்குப் போயிருந்தார். மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். முதலில் ஆபத்தை நீக்குவோம், பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் காரைக் கழுவினார். மாமனார் வாளியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்காகக் கணவர் சாவியைப் பாதி திருப்பினார். நான்கு விளக்கும் செக்கச்செவேலென்று எரிந்தன. மகள் சந்தோஷத்தில் விரலை வைத்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணினாள்.

கணவர் கதவைத் திறந்து அப்பாவைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“பாரு நைனா. கொழந்த கண்ணுக்கே தெரியுது.”

மாமனார் குனிந்து பார்த்தார். நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வாசற்படியில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தார். அவர் எத்தனை வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு வாரம் கண்ணில் படாத விளக்கு, தானாக எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா?

“ஆமாடா. நல்லாத்தான் எரியுது” என்று சொல்லிவிட்டு, காலி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

இப்போது மகளுக்கு முடி காதை மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. மாமனார் டவுன் பஸ்ஸில் போய் வருகிறார். என்னிடம் முன்பு எப்படிப் பேசினாரோ அப்படியேதான் பேசுகிறார். நான் போடும் காபியை நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடிக்கிறார். தினமும் இன்றைக்குக் கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருக்கிறேன். சொன்னால் சாவி மாமனார் கைக்குத் திரும்பும், நியாயமும் அதுதான். ஆனால் அப்போதெல்லாம் டாக்டர் சொன்ன அந்தப் புரை ஞாபகத்துக்கு வருகிறது. அவர் ஓட்டாமல் இருப்பதே குழந்தைக்கு நல்லதோ என்று மனத்தின் ஒரு ஓரம் சொல்கிறது. அந்த ஓரத்தில் ஒரு நிம்மதிகூட இருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் பயத்துக்காகவா, என் தவறு வெளியே தெரிந்துவிடும் என்பதற்காகவா, எதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஒருவர் பழியைச் சுமந்துகொண்டு நம் எதிரில் நடமாடுவதைத் தினமும் பார்ப்பது எவ்வளவு பெரிய தண்டனை! அதை அவர் எனக்குக் கொடுக்கவில்லை, நானாகத்தான் அனுபவிக்கிறேன். இதைப் படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சொல்லத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கணவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, கூடத்தில் மாமனார் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? இப்படி ஒன்றைச் சொல்லி முடித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அந்த முதல் வாக்கியத்தை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மீதியை நான் சொல்லிவிடுவேன்.