நான் சாகவிடாத ஏட்டையா

என் வீட்டுக்காரருக்கு வேறு யாரோ கதை படித்துக் காட்டுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் வந்தது போன மாசம்தான். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

அவர் கர்நாடக எல்லையோரத்து ஹனூர்க்காரர். கொங்குக்காரர்கள் மாதிரி தமிழ் பேசுவார். படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடம், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. நான் மைசூரிலேயே பிறந்த ரயில்வேக்காரர் மகள். அப்பா அதட்டி உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். அதனால் கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு மத்தியானம் நான் படிப்பேன், அவர் கேட்பார். எப்போதும் ஒரே துப்பறியும் வரிசைதான்: மதுரையில் ஒரு இன்ஸ்பெக்டர், கூடவே வாய் ஓயாத ஒரு ஏட்டையா. இங்கே மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகைக்கடைக்காரர் கோயமுத்தூர் சரக்கோடு புதுப் பாகத்தையும் வரவழைத்துக் கொடுப்பார். ஏட்டையா என்றால் இவருக்கு உயிர். "எந்தம்பி மாதிரியே பேசறான் புள்ள" என்பார்.

அந்தத் தம்பி மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக் விபத்தில் போய்விட்டார். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்து வந்த ஞாயிறு புத்தகத்தைப் பிரிக்கிறேன், பாழாய்ப்போன எழுத்தாளர் ஏட்டையாவைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்! எந்த வாயால் படிப்பேன்? ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார் என்று படித்துவிட்டேன். அப்புறம் வந்த நாலு பாகத்திலும் ஏட்டையா பேசியதெல்லாம் என் சொந்தச் சரக்கு. வேறு யாராவது இவருக்குப் படித்துக் காட்டினால் என் கதி என்ன?

இப்போது வந்த பாகத்தில் நான் மூன்றாம் அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தேன். புதன்கிழமை பார்த்தால் புத்தகம் ஏழாம் அத்தியாயத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. சாப்பிடும்போது இவர், "அந்த டாக்டரு சரியில்ல புள்ள" என்கிறார். நான் படித்த மூன்று அத்தியாயத்தில் டாக்டரே வரவில்லை! ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு இவர் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் சேலத்துக்காரி ஒருத்தி ஏறுகிறாள். அவளேதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இவர் குளிக்கப் போன நேரம் பையைக் குடைந்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் செய்தித்தாள் அட்டை போட்ட ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்! ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் பென்சிலில் கன்னட எழுத்து. சேலத்துக்காரியைச் சந்தேகப்பட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை படிக்க உட்கார்ந்தேன். ஏட்டையா பேச்சை நான் சேர்க்கிற இடத்தை அப்படியே தாண்டிப் படித்தேன்.

"ஏன் புள்ள, ஏட்டையா இன்னிக்கு லீவா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"போன பாகத்துல ராகி முத்தேயும் உப்புசாறும் கேட்டான். மதுரைக்காரன் இந்தக் கன்னடத்துச் சாப்பாட்ட எங்க கண்டான்? நம்ம வீட்டு அடுப்புல வேகறதயெல்லாம் அவனுக்குப் போட்டுட்டயே! அன்னிக்கே எனக்குச் சந்தேகம். நாலு புத்தகத்துலயும் அவன் பேர மட்டும் எழுத்துக் கூட்டித் தேடிட்டேன், அவன் பேசற ஒரு வரி இல்ல." என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். "எப்பப் போனான்?"

"உங்க தம்பி காரியம் முடிஞ்சு வந்த ஞாயிறு" என்றேன்.

கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்துபோய் அன்று படித்த பாகத்தைத் தேடி எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "உள்ளது உள்ளபடி படி."

இரண்டு வரிக்கு மேல் என்னால் முடியவில்லை. அவரே புத்தகத்தை வாங்கி, விரல் வைத்து, "ஏட்... டை... யா..." என்று கூட்ட ஆரம்பித்தார். அந்த ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனது. நடுவில் நான் ஒரு எழுத்துக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. கடைசி வரி முடிந்ததும், தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓவென்று அழுதார்.