அவனை என் கையில் ஒப்புக்கொடும்

ஒரு மனிதன் அழிந்துபோக வேண்டும் என்று கோயிலில் முழங்காலிட்டு ஜெபித்தவன் நான். ஏதோ ஒருநாள் கோபத்தில் அல்ல. மழைக்காலம் தொடங்கி அடுத்த தவக்காலம் வரைக்கும், வேலைக்குப் போகும் வழியில், தினமும். ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்டார். எப்படிக் கேட்டார் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியம். ராயபுரத்துக்காரன். கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு தனியார் யார்டில் பெட்டியை ஏற்றி, துறைமுகத்தில் இறக்க வேண்டும். தூரம் அதிகமில்லை. ஆனால் வண்டிகள் வரிசை கட்டிவிட்டால் ஒரு லோடுக்கு ஒரு பகலே போய்விடும். சாப்பாடு சீட்டில், தூக்கம் ஸ்டியரிங் மேல். அதுதான் என் வாழ்க்கையாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள், வண்டியில் லோடு ஏற்றி முடித்திருந்தார்கள். என் மனைவி ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அம்மாவுக்கு மூச்சு இழுக்குதுய்யா. உன்னியத்தான் கேட்டுகினே கீறாங்க. உடனே கெளம்பி வா." யார்டு சூப்பர்வைசர் அறைக்கு ஓடினேன். அவன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. கேட் ஓரத்தில் வேறு இரண்டு டிரைவர்கள் வேலையில்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், எங்கம்மா சாவக் கெடக்குது. அவங்கள்ல ஒருத்தர வண்டி எடுக்கச் சொல்லு சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "அவங்க அடுத்த ஷிப்ட்டு. உங்கம்மா செத்தா கப்பல் நிக்குமா? லோட எறக்கிட்டுப் போய் அழு."

சாவியை அவன் மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வண்டியை எடுத்தேன். துறைமுகச் சாலையில் முன்னும் பின்னும் டிரெய்லர்கள். நகர முடியவில்லை, திரும்ப முடியவில்லை, இறங்கி ஓடவும் முடியவில்லை. ஸ்டெல்லாவின் பெயர் போனில் மறுபடி வந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த சீட்டில் உட்கார்ந்தபடியேதான் அம்மாவைப் பறிகொடுத்தேன். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

அடக்கம் முடிந்தது. நான் அழவில்லை. அழுகை இருக்க வேண்டிய இடத்தில் அந்த சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் ஓயவே இல்லை. லோடுக்கு மேல் லோடாகக் கேட்டு வாங்கினேன். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அந்த வார்த்தை காதில் கேட்கும்: கப்பல் நிக்குமா? வண்டியில் இருந்தால் அவனைக் கொல்லும் வழிகளை யோசிக்கலாம். அவன் மேல் பெட்டி சரிந்து விழுவதை யோசிப்பேன். அவன் தாய்க்கு மூச்சு இழுக்க, அவன் எங்கோ மாட்டிக்கொண்டு தவிப்பதை யோசிப்பேன். எனக்கு அது ருசித்தது. உண்மையைச் சொல்கிறேன், சோற்றைவிட அது ருசித்தது.

கூடவே மூச்சும் பிடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் உள்ளே போகாது. டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு. கொஞ்சம் ஓய்வா இருங்க, நிதானமா மூச்சு விடுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிதானத்துக்கு நான் எங்கே போவேன்?

எனக்கென்று மிஞ்சியிருந்தது காலையில் கோயிலில் நிற்கும் கொஞ்ச நேரம்தான். அங்கேயும் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாதா சுரூபத்தின் முன்னால் மண்டியிட்டு ஒரே ஜெபம்: "ஆண்டவரே, அவனை என் கையில் ஒப்புக்கொடும். ஒரே ஒரு தடவை."

ஸ்டெல்லா ஒருநாள் கேட்டேவிட்டாள். "கோயிலுக்குப் போய்ட்டு வந்தா மூஞ்சி தெளிவா இருக்கணும். நீ இன்னாடான்னா கத்தி தீட்டிகினு வர்ற மாரி வர்ற. அங்க போய் இன்னாதான் கேக்குற?"

"நியாயம் கேக்குறேன்" என்றேன்.

தவக்காலத்தில் ஒரு மதியம். கொளுத்தும் வெயில். யார்டில் காலி டிரெய்லரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்புறம் இரண்டு ஆள் உயரத்துக்குமேல் அடுக்கிய பெட்டிகள். இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவன். என் வண்டிக்கும் பெட்டிகளுக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டி, போனில் பேசிக்கொண்டு நிற்கிறான். கிரேன் சத்தத்தில் என் வண்டி வருவது அவனுக்குக் கேட்கவில்லை. சுற்றிலும் யாருமில்லை.

அன்பானவர்களே, என் ஜெபம் கேட்கப்பட்டது என்று அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது. கேட்டபடியே, ஒரு குறையும் இல்லாமல். இன்னும் கொஞ்சம் பின்னால் விட்டால் போதும். டிரைவருக்குத் தெரியவில்லை என்பார்கள். யார்டில் நடக்காத விபத்தா? வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவன் ஒரு கையால் பிடரியைச் சொறிந்தான். சட்டைக் காலர் கிழிந்து நூல் தொங்கியது. வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

"இயேசுவே" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவனைக் கொல்ல உதவி கேட்டேனா, என்னைத் தடுக்கச் சொன்னேனா?

என் கால் பிரேக்கை மிதித்தது. நான் மிதித்தேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவு நல்லவனாக நான் அப்போது இல்லை. வண்டி குலுங்கி நின்றது. உஸ்ஸென்று பிரேக்கின் காற்று இறங்கும் சத்தம். அதோடு சேர்ந்து என் நெஞ்சிலிருந்தும் மூச்சு வெளியே வந்தது. அப்புறம் உள்ளே போனது. முழுசாக, அடிவயிறு வரைக்கும். ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து, அம்மாவுக்காக அன்றைக்குத்தான் அழுதேன்.

அவன் திரும்பிப் பார்த்து அரண்டுபோனான். "யோவ், கண்ணு தெர்ல? இங்க ஆள் நிக்கிறது?" என்று கத்திக்கொண்டே வந்தான். நான் இறங்கினேன்.

"சார், எங்கம்மா செத்தன்னிக்கு நீ எங்கிட்ட சொன்னது ஞாபகம் கீதா?"

"இன்னா சொன்னேன்? உங்கம்மா எப்ப செத்துச்சு?"

நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தான். என் தூக்கத்தையும் மூச்சையும் தின்ற வார்த்தை அவன் தலையில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. நான் மட்டும் அதைக் கட்டிக்கொண்டு செத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்ல. வண்டி பின்னால நிக்காத சார்" என்றேன். சாவியை அவன் கையில் கொடுத்தேன். கேட்டைத் தாண்டி நடந்து, கடலோரக் கருங்கல் மேல் உட்கார்ந்தேன். போனை அணைத்தேன். அலை வந்து கல்லில் மோதுவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், ஒன்றும் யோசிக்காமல் இருந்தேன். கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன், அப்படி உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்றோ!

அந்த யார்டுக்கு நான் திரும்பவில்லை. இப்போது வேறொருவரிடம் ஓட்டுகிறேன். சேர்ந்த அன்றே, "ஞாயித்துக்கிழமை வரமாட்டேன், வூட்ல ஆபத்துன்னா வண்டிய அங்கியே நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் சேர்ந்தேன். வருமானம் முன்போல் இல்லை. சாயந்திரம் ஸ்டெல்லாவும் நானும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறோம்.

அவனை மன்னித்துவிட்டாயா என்று கேட்பீர்கள். முழுதாக இல்லை. வரிசையில் மாட்டிக்கொண்டால் இன்றும் பழைய ருசி நாக்கில் ஏறும். அப்போது அவன் பெயரைச் சொல்லியே ஜெபிக்கிறேன்: "இயேசுவே, இவன் உம்முடையவன், நீரே பார்த்துக்கொள்ளும்." எரிச்சலோடுதான் சொல்கிறேன். ஆனாலும் ஒரு மூச்சு இழுத்து விட முடிகிறது. அந்த இடைவெளி எனக்குப் போதும்.

உங்களிலும் யாராவது பழிவாங்கும் வெறியோடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். மனம் ஆறிய பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த வெறியோடேயே போங்கள். கேட்கக் கூடாததையும் அவரிடமே கேளுங்கள். என் எதிரியை என் கையில் கொடுத்த ஆண்டவர், என் காலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவருக்கே நன்றி.