பியோ தோக்-சு புல் வெட்டிய மேடு

பியோ தோக்-சு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஆவணக் காப்பகத்தின் வரைபடப் பிரிவுக்கு வருகிறவர்கள் வரிசைச் சீட்டை வாங்கியதும் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார்கள். இவரோ சன்னலுக்கும் காபி எந்திரத்துக்கும் நடையாய் நடப்பார். ஊர்ப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். காலமெல்லாம் உட்கார்ந்தே பிழைத்தவனை இனியாவது நிற்க விடக்கூடாதா என்று என்னிடம் கேட்டார். நின்றால் பரவாயில்லை, நடக்கிறீர்களே என்றேன்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பாம்கோல் மலைச் சரிவில் நெடுஞ்சாலை வருகிறது. வழியில் கிடக்கும் சமாதி மேடுகளுக்கு உரியவர்கள் மாதக் கடைசிக்குள் அத்தாட்சி காட்டி எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பாரற்ற மேடுகளைத் தோண்டி எரித்து, சாம்பலை அநாதைகளுக்கான கூடத்தில் வைத்துவிடுவார்கள். தோக்-சுவின் அப்பா அந்தச் சரிவில்தான் இருக்கிறார். பெயர்க்கல் கிடையாது, கல் நட அன்றைக்கு வசதியில்லை. மனு கொடுக்கப் போன இடத்தில், அதே மேட்டை இன்னொரு பெண்மணியும் தன் அப்பாவுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும், பழைய வரைபடத்தோடு வாருங்கள் என்றும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வருஷம் தவறாம சூசோக் பண்டிகைக்கு முன்னாடி நான்தாம்மா போய்ப் புல்லு வெட்டுறேன்," என்றார். "எங்கண்ணன் சியோல்லருந்து பழப்பெட்டி அனுப்புவான், அதோட சரி. இப்ப எவளோ ஒருத்தி வந்து எங்கப்பாவத் தன் அப்பாங்குறா. வயிறு எரியுது."

"புல்ல வெட்டுனதும் கெளம்பிருவீங்களாக்கும்?"

"அதெப்படி? சோஜு சாராயம் ஊத்தி வச்சு, உக்காந்து பேசிட்டுத்தான் வருவேன்."

"நீங்க? உக்காந்து?"

"அங்க மட்டுந்தான் உக்காருவேன்." முதல்முறையாகச் சிரித்தார். "பஸ்ஸ ஒருதடவ வயலுக்குள்ள எறக்கிட்டேன். தூங்கிட்டேன்னு என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அவருகிட்டதான் சொன்னேன். அவ என்ன விட்டுட்டுப் போனதயும் அவருகிட்டதான் மொதல்ல சொன்னேன்."

அப்பா வாங்கிப்போட்ட துண்டு நிலத்தின் எண் அவரிடம் இருந்தது. பழைய அளவை வரைபடத்தில் தேடினால், அந்த எண் ஓடைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அவர் புல் வெட்டிய மேடோ இந்தப் பக்கம்.

"ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல அளந்தது. அவனுக்கென்ன தெரியும்? ஓடை எடம் மாறிருக்கும்," என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தனக்குப் பிடிக்காத எல்லைக்கோட்டையெல்லாம் ஜப்பான்காரன் தலையில் கட்டுவது இந்த மேசைக்கு முன்னால் நிற்கும் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் ஓடை சில சமயம் மாறியும்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பெண்மணியையும் வரச்சொல்லி, விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களை வெளியே எடுத்தேன்.

வந்தவர் பெயர் தாக் யோங்-நான். சந்தையில் கருவாடு விற்பவர்; எழுபதைத் தாண்டியும் தலைக்குக் கருகருவென்று மை பூசியிருந்தார். தோக்-சு அவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காலத்து மலைகள் மொட்டை. மரமெல்லாம் அடுப்புக்குப் போயிருந்தன. அதனால் படத்தில் சமாதி மேடுகள் கொழுக்கட்டை போலத் தனித்தனியாகத் தெரியும். தோக்-சுவின் அப்பா இறந்தது எழுபத்து மூன்றாம் வருடக் குளிர்காலத்தில். நான் முதலில் விரித்தது அறுபத்தொன்பதில் எடுத்த படம். பூதக்கண்ணாடியைத் தோக்-சுவே பிடுங்கி வைத்துப் பார்த்தார். ஓடைக்கு இந்தப் பக்கம், அவருடைய மேடு அப்போதே அங்கே இருந்தது.

காப்பகத்தில் அவர் கால்கள் நின்றது அப்போதுதான்.

"எங்கப்பா அப்ப உசிரோட இருந்தாரு," என்றார்.

"ஆமா."

"அந்த வருஷம் என்னத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போனாரு."

எப்படி நடந்தது என்று அவரே மெல்லச் சொன்னார். புதைத்த அன்று ஒரே பனி; அவர் சின்னப் பையன். அம்மா பிள்ளைகளோடு நகரத்துக்குப் போய்விட்டாள். ராணுவத்தில் கட்டாய சேவை முடிந்து இவர் திரும்பி வந்தபோது, அரசாங்கம் நட்ட பைன் கன்றுகள் மலையையே மறைத்திருந்தன. முதலில் கண்ணில் பட்ட மேட்டில் விழுந்து கும்பிட்டுவிட்டார். முட்டிவலிக்கார அம்மா கடைசிவரை மலை ஏறவில்லை.

"அப்ப இத்தன வருஷமா நான் யாருகிட்டம்மா பேசிட்டிருந்தேன்?"

"எங்கப்பாகிட்ட," என்றார் யோங்-நான். "உசிரோட இருந்தவரைக்கும் யாரு பேச்சையும் கேக்காத மனுசன். உங்க பேச்சையாவது கேட்டாரே, தம்பி."

தோக்-சு சிரிக்கவில்லை. யோங்-நான் அவர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பண்டிக முடிஞ்சுதான் எனக்குக் கடைய விட்டு வர முடியும். வந்து பாத்தா மேடு சுத்தமா இருக்கும். என் தம்பிதான் வெட்டுறான்னு நெனச்சேன். வீட்டுப் பங்குல சண்ட, எங்களுக்குப் பேச்சுவார்த்தயே இல்ல. அந்தப் புல்லப் பாத்துப் பாத்து மனசு எளகி, நானே அவன் வீட்டுப்படி ஏறுனேன். அவன் என்னன்னா, அக்காதான் வெட்டுறான்னு நெனச்சிட்டிருக்கான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோக்-சுவுக்கு அது ஆறுதலாகவே இல்லை.

"உங்கப்பாவுக்கு ஆளிருந்துச்சுக்கா," என்றார். "எங்கப்பாவ இத்தன வருஷமும் யாருமே போய்ப் பாக்கல."

அடுத்த படம், தோக்-சுவின் அப்பா இறந்த பிறகு எடுத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய துண்டு நிலத்துக்குள் புதிதாக ஒரு மேடு இருந்தது. சான்றிட்ட நகல் எடுத்துக் கொடுத்தேன். மனுவுக்கு இனித் தடையில்லை. ஆனால் அந்த இடத்தில் மேடு இன்னும் மிஞ்சியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மூவரும் போனோம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, போனேன். கீழே சாலை வேலைக்காரர்கள் சிவப்புக் கொடிகளை நட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். படத்தில் மேடு இருந்த இடத்தில் காட்டுக்கொடியும் முள்ளும் மண்டி, நடுவில் ஒரு கருவாலி மரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. தோக்-சு அரிவாளை எடுத்தவர் மதியம்வரை நிறுத்தவில்லை. யோங்-நான் வெட்டிய முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டே, "மெதுவா, தம்பி, கைய வெட்டிக்காதீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் மரத்தின் வேருக்குக் கீழே, கரைந்து தாழ்ந்துபோன ஒரு மண் முதுகு தெரிந்தது.

தோக்-சு சோஜு ஊற்றி வைத்தார். இருமுறை விழுந்து வணங்கினார். உட்கார்ந்தார். இனி மடை திறந்தாற்போலக் கொட்டுவார் என்று நாங்கள் சற்றுத் தள்ளிப் போய் நின்றோம்.

அவரோ உள்ளங்கை மண்ணைக் கால்சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுகிற மரியாதையோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்பா, நான் தோக்-சு," என்றார். "உங்க ரெண்டாவது பையன். நான் பஸ் ஓட்டுனேம்ப்பா."