முள்ளைப் பார்த்துக்கொண்டே இருபத்து நான்கு கிலோமீட்டர்

காலை 6.10. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். எங்கள் கார் பதினான்கு வருடமாக வாடகைக்கு ஓடுகிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சோறு அதில்தான். எஞ்சினை முழுக்கப் பிரித்து, புது பிஸ்டன் போட்டு நேற்றுதான் மெக்கானிக் கரீம் பாய் கொடுத்தார்.

"புது பிஸ்டன் ஐநூறு கிலோமீட்டர் ஓடிப் பழகணும். அம்பதுக்கு மேல போவாதீங்க. சூடு காட்டுற முள்ளு பாதியத் தாண்டிச்சா அங்கியே அணைச்சிடுங்க. இன்னொரு வாட்டி போச்சின்னா இரும்புக் கடைதான்" என்றார்.

முள்ளைப் பார்க்கும் வேலை எனக்கு. இந்த வண்டியின் முன் இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை. தெரு முனை தாண்டும் வரை தலையைக் குனிந்துகொண்டேன்.

6.30. மயிலாப்பூரில் பிள்ளையார் கோயில். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம், நாற்பது ரூபாய். பழம் நசுங்கியதும் என் வீட்டுக்காரர் சொன்னார்: "இனி வூடு போய்ச் சேர்ற வரைக்கும் சாவியத் தொடக் கூடாது. மொத ஓட்டத்துல வண்டி அணைஞ்சா தொழிலே அணைஞ்சிரும்."

அவருடைய கூட்டாளிகள் எல்லாருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. பாய் சொன்னது ஞாபகம் வந்தது. முள்ளைப் பார்த்தேன்.

7.00. அடையாறு பாலம். முள் கால்வாசியில் நின்றது. "தையல் மிஷின் மாதிரி ஓடிக்கினு கீது பாரு" என்றார்.

சைதாப்பேட்டை வழியாக அசோக் நகர் போனோம். நாத்தனார் வீட்டுக் காபியை வாசலில் நின்றபடியே குடித்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

8.40. திரும்பும் வழியில் தி. நகர். பத்து நிமிடமாக ஒரு சக்கரமும் நகரவில்லை.

"முள்ளு பாதியத் தாண்டிடுச்சுங்க."

"இன்னும் ஏழு கிலோமீட்டர்தான். கம்முனு வா."

முள் இன்னொரு கோடு ஏறியது. கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து முன்னால் வண்டிகள் நகர்ந்தன. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்: "இன்னா பெருசு, நடு ரோட்ல தூங்கினு கீறே?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. நான் இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். அதே ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "நீ நவுரு ஆயா, இட்லி துன்ன ஒடம்பு தாங்காது" என்று தோள் கொடுத்தார். கூட்டத்தில் அத்தனை பேரும் பார்க்க, எனக்கு முகமெல்லாம் வியர்த்தது.

பாத்திரக் கடை ஓரம் முக்கால் மணி நேரம் நின்றோம். எஞ்சின் ஆறியது. பிறகு அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்தது.

10.15. வீடு. பாய்க்குப் போன் போட்டார். "அவதான் அணைச்சிட்டா பாய், பயந்தாங்கொள்ளி" என்றார். அப்புறம் வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி பாய். இனிமேலும் அவள முன்னாடியே உக்கார வைக்கிறேன்."

இன்னும் நானூற்று எழுபத்தாறு கிலோமீட்டர் இருக்கிறது.