மேற்குக் கரைக்குப் போகாதவர்

கடைசி விளக்குக் கம்பத்தைத் தொட்டதும் ரசூல் திரும்பிவிடுவார். இன்னும் நாலடி வைத்தால் பாலம் முடிந்து மேற்குக் கரை வந்துவிடும். "அங்கன என்ன இருக்கு? காத்தெல்லாம் இங்கனதான்" என்பார், கேட்பவரிடம். அங்கே இருப்பது அவருடைய தங்கை சாபிராவின் வீடு.

முல்லையாற்றில் புதுப் பாலம் வந்த பிறகு, பழைய கல்பாலத்தில் வண்டிகள் ஓய்ந்தன. பேரூராட்சியார் அதன்மேல் சிமெண்ட் பெஞ்சுகள் போட்டு, அரளியும் செம்பருத்தியும் நட்டு, நடைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். பாலத்தின் வயது எழுபது என்பாரும் தொண்ணூறு என்பாரும் உண்டு. கல்வெட்டு தேய்ந்துவிட்டதால் நான் உறுதி கூறுவதற்கில்லை. ஆனால் மாட்டுச் சலங்கையும் ஏலக்காய் மூட்டைகளின் மணமும் ஒன்றாக அதைக் கடந்துபோனதை அறிவேன். சக்கரங்கள் தேய்த்த தடம் கல்லில் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. ரசூல் அதில் கால் வைத்துத்தான் நடப்பார். தேங்காய் வியாபாரி, கனத்த சரீரம், எதிரே யார் வந்தாலும் ஒதுங்கும் பழக்கம் கிடையாது.

வினை அதனால்தான் வந்தது. வண்டிகள் ஓடிய காலத்தில் பாலத்தில் ஒரு வண்டிக்குத்தான் அகலம். இரண்டு எதிர்ப்பட்டால் பாரம் குறைந்த வண்டி பின்வாங்க வேண்டும் என்பது வண்டிக்காரர்கள் வகுத்த முறை. ரசூல் அதற்கும் வழி கண்டிருந்தார். தேங்காய் இறக்கித் திரும்பும்போது நிறைபாரம் போலத் தெரிய, சாக்குகளில் வைக்கோலை அடைத்து உயரமாக அடுக்கிக்கொள்வார். அன்று எதிரே வாழைத்தாரோடு வந்தவர் சாபிராவின் கணவர் சேக் பரீத். மூட்டைகளைப் பார்த்து மாட்டைப் பின்னுக்குத் தள்ளினார். சக்கரம் கழன்றது, தார்கள் ஆற்றில் விழுந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு சாக்கு பிரிந்து, வைக்கோல் பறந்து மாப்பிள்ளையின் தலையில் படிந்தது.

"மச்சான்னு நம்பித்தானே பின்னால போனேன்!" என்றார் சேக் பரீத்.

ரசூல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பேச்சு அற்றது. மாப்பிள்ளை வந்து அழைக்காமல் தங்கை வீட்டுப் படி மிதிப்பதில்லை என்பது அவர்கள் குடும்ப வழக்கம். ஆகவே சாபிராதான் மாலைகளில் மகள் பாத்திமாவை அழைத்துக்கொண்டு பாலத்துக்கு வருவாள்.

"ஏண்ணே, நாலடி வச்சா காலு தேஞ்சா போயிரும்?"

"மாப்பிள கூப்பிட்டாகளா?"

"நீங்க ஒரு வார்த்தை வருத்தம் சொன்னீகளா?"

"நான் பெரியவன்ல, ஆத்தா!"

சென்ற மாதம் பாத்திமாவுக்கு நிக்காஹ் முடிவாயிற்று. தாய்மாமன் இல்லாமலே அது நடந்துவிடுமோ என்ற அச்சம் ரசூலுக்கு. "பந்தலு எந்தப் பக்கம் போடுறாகளாம்?" என்று மட்டும் அயலார் போலத் தங்கையிடம் விசாரித்தார்.

நேற்று மாலை சாபிராவுக்கு முன்னால் சேக் பரீத் நடந்து வந்தார். தாடி முழுதும் நரைத்திருந்தது. ரசூல் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

"வீட்டுக்கு வாங்க மச்சான். தாய்மாமன் இல்லாம நிக்காஹ் வச்சா சனம் என்ன பேசும்?"

"சனத்துக்காகவா கூப்பிடுறீக, மாப்ளே?"

"பின்னே, உங்க அழகுக்கா? சீருன்னு சொல்லி வைக்கோல் மூட்டையைக் கொண்டாந்துராதீக, அம்புட்டுத்தான்."

சாபிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரசூல் சிரிக்கவில்லை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.